‘ஆபத்தை உணராமல்’ என்ற அயோக்கியத்தனம்

தமிழ்ப் பத்திரிகைகளில் அச்சுக் கோத்துத் தயாராக வைத்திருப்பது போல ஒரு வாக்கியம் உண்டு. "சுற்றுலா வந்த இடத்தில் ஆபத்தை உணராமல் ஆற்றில் இறங்கிக் குளித்தபோது, எதிர்பாராத விதமாக ஆழமான பகுதிக்குச் சென்று நீரில் மூழ்கினர்." ஊர்ப் பெயரையும் எண்ணிக்கையையும் மாற்றினால் போதும், அடுத்த வாரத்துக்கும் ஆகும். ஆறு என்பதை அழித்துவிட்டுக் கடல் என்று போட்டால் ராட்சத அலை ஒன்று வந்து சேரும். பிறகு தீயணைப்புத் துறை, அரசு மருத்துவமனை, "அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியது". முடிந்தது கதை.

இந்த வாக்கியத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். செத்தவர் ஆபத்தை உணர்ந்திருக்க வேண்டுமாம். ஆனால் அந்த இடத்தைக் கட்டிக் காக்கிறவர்களுக்கு, அங்கே வண்டிக்கு டோக்கன் போடுகிறவர்களுக்கு, அது "எதிர்பாராத விதம்". அதாவது காலையில் புளியோதரை கட்டிக்கொண்டு முதல் முறையாக அந்த ஊருக்கு வந்த ஒரு குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியது, வருடம் முழுக்க அங்கேயே இருக்கிற நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டியதில்லை! இதற்குப் பெயர் செய்தியா, தீர்ப்பா?

கொஞ்சம் பழைய கணக்கைப் புரட்டலாம்.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பழவேற்காடு ஏரிக்குப் போன உறவினர் கூட்டம், ஒரே படகில் ஏறி, படகு கவிழ்ந்து 22 பேர் பலி. 2022 ஜூன் 5, கடலூர் மாவட்டம் குச்சிபாளையம். கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் தேங்கிய தண்ணீரில் குளிக்கப் போன 7 பெண்கள், பெரும்பாலும் சிறுமிகள். 2022 அக்டோபர் 3, நம் தஞ்சாவூர் மாவட்டம். தூத்துக்குடியிலிருந்து வேளாங்கண்ணிக்கும் பூண்டி மாதா கோயிலுக்கும் யாத்திரை வந்தவர்கள் கொள்ளிடத்தில் குளிக்க இறங்கினார்கள். 6 பேர் திரும்பவில்லை. 2023 பிப்ரவரி 15, கரூர் மாவட்டம் மாயனூர். கால்பந்துப் போட்டிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் காவிரியைப் பார்க்க இறங்கிய அரசுப் பள்ளி மாணவிகள் 4 பேர். 2024 மே 6, கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரை. மருத்துவ மாணவர்கள் 5 பேர்.

யாத்திரைக்காரர்கள், பள்ளிச் சிறுமிகள், டாக்டருக்குப் படிக்கிறவர்கள், கிராமத்துப் பெண்கள், ஒரு பெரிய குடும்பம். இவர்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது? குடியா? திமிரா? செல்ஃபி மோகமா? ஒன்றும் கிடையாது. தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போனார்கள். வெயிலுக்கு இறங்கினார்கள். அவ்வளவுதான்.

குடித்துவிட்டு ஆற்றில் குதிக்கிறவர்கள் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கல்லணைப் பக்கம் போனால் பார்க்கலாம். ஆனால் அவர்களைக் காட்டியே மற்ற எல்லாச் சாவுக்கும் கணக்கு முடிக்கிற வேலைதான் இங்கே நடக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரப்படி 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலுமே நாட்டில் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் 35,000-ஐத் தாண்டுகிறார்கள். 35,000 பேருமா ஆபத்தை உணரவில்லை?

இன்னொரு வாதம் டெல்டாக்காரர்களிடமிருந்தே வரும். "ஆத்தங்கரையில பொறந்த பயலுக்கு நீச்சல் தெரியலன்னா அது அவன் குத்தம்தானே தம்பி? நாங்கல்லாம் எந்த வாத்தியார்கிட்ட கத்துக்கிட்டோம்?" திண்ணையில் உட்கார்ந்து பெரியப்பாக்கள் சொல்லும் வசனம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது.

திருத்துறைப்பூண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரியின் கடைமடை. ஒகேனக்கல்லில் பாறைகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்குப் புகை கிளப்பிக்கொண்டு விழுகிற அதே தண்ணீர், மேட்டூரில் அடைபட்டு, திறந்துவிட்டால் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் திரும்பி, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, அதற்கப்புறமும் பிரிந்து பிரிந்து மெலிந்து, கடைசியில் முள்ளியாறாக ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஒகேனக்கல் பள்ளத்தாக்கில் யானை மாதிரி இருந்தது இங்கே ஆட்டுக்குட்டி. நீச்சல் பழகுவதற்கு இதைவிட நல்ல ஆறு வேண்டுமா?

வேண்டாம்தான். ஆனால் எப்போது பழகுவது?

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்கப்படும், ஜனவரி 28-ல் மூடப்படும். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை எப்போது? ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் ஆரம்பம் வரை. அதாவது பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கிற அந்த ஒன்றரை மாதமும் முள்ளியாற்றில் கிரிக்கெட் ஆடலாம், தூண்டில் போட முடியாது. ஆற்றில் தண்ணீர் வரும்போது பள்ளிக்கூடம் திறந்துவிடும். கடைமடைக்கு நல்ல தண்ணீர் ஓடி, வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும்போது அரையாண்டுத் தேர்வு. ஆறும் விடுமுறையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

பெரியப்பாக்களுக்கும் இதே அட்டவணைதானே என்று கேட்கலாம். மேட்டூர் அணை 1934-லேயே வந்துவிட்டது, உண்மை. ஆனால் அவர்களுக்குக் குளம் இருந்தது. கோடையிலும் இடுப்பளவு தண்ணீர் நின்ற குளம். முதுகில் சுரைக்குடுக்கை கட்டியோ, வாழைத்தண்டைக் கட்டிப்பிடித்தோ, கொஞ்சம் வசதியானவன் லாரி டியூப்பிலோ பழகினார்கள். பக்கத்தில் துணி துவைக்கிற அத்தைகள், மாடு குளிப்பாட்டுகிற மாமாக்கள் என்று எந்த நேரமும் பத்துப் பேர் இருப்பார்கள். ஒருவன் முங்கினால் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிவிடப் பெரியவர்களின் கை இருந்தது. சம்பளமில்லாத உயிர்காப்பாளர்கள்! வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு அந்த அத்தைகள் குளத்துக்கு வருவதில்லை. வந்தால்தான் என்ன, பாதிக் குளத்தில் ஆகாயத்தாமரை, மீதியில் சாக்கடை. சுத்தமாக இருக்கிற கோயில் குளத்துக்கோ கம்பி வேலி போட்டாயிற்று.

அதோடு போகவில்லை. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் தொடர்ந்து மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கவே இல்லை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று தள்ளித் தள்ளி, 2017-ல் அக்டோபருக்குப் போனது. 2020-ல்தான் மறுபடி தேதி தவறாமல் ஜூன் 12-ல் திறந்தார்கள். இதைக் குறுவை போச்சு, சம்பா போச்சு என்று விவசாயக் கணக்கில் மட்டும்தான் எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2005 வாக்கில் பிறந்த ஒரு டெல்டாப் பிள்ளைக்கு அந்த எட்டு வருடம் என்பது 7 வயதிலிருந்து 14 வயது வரை. நீச்சல் பழகுகிற வயது மொத்தமும் அதுதான். அந்தப் பிள்ளைகள்தான் இன்று கல்லூரிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். வகுப்பில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும் என்று கை தூக்கச் சொல்லிப் பாருங்கள். பெண்களில் எத்தனை கை எழுகிறது என்றும் பாருங்கள்.

ஆடிப்பெருக்கையே எடுத்துக்கொள்ளலாமே. டெல்டாக்காரர்களின் அசல் குடும்பச் சுற்றுலா அதுதான். சித்திரான்னம் கிண்டி எடுத்துக்கொண்டு, படித்துறையில் உட்கார்ந்து, காதோலை கருகமணி விட்டு, பிள்ளைகளைக் கையைப் பிடித்துத் தண்ணீரில் இறக்கிவிட்டு, சாயந்திரம் வீடு திரும்புவது. வருடத்துக்கு ஒரு நாளாவது ஊர் ஆற்றின் ஆழமும் இழுப்பும் காலுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் வராத வருடங்களில் வீட்டு வாசலில் குழாயைத் திறந்துவிட்டு ஆடிப்பெருக்குக் கும்பிட்டவர்கள் உண்டு.

ஆக, நான்கு பக்கமும் ஆறு ஓடுகிற ஊரில், ஆறே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தாகிவிட்டது. அது தண்ணீரைச் சந்திக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: கோடை விடுமுறையில் வேன் எடுத்துக்கொண்டு போகிற ஒரு நாள் டூர்.

அந்த டூர் எப்படி இருக்கும் என்று திருத்துறைப்பூண்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிழக்கே போனால் வேளாங்கண்ணி, நாகூர். தெற்கே போனால் வேதாரண்யம், கோடியக்கரை (பல வருடம் மூடிக்கிடந்த அகஸ்தியன்பள்ளி ரயில் பாதை 2023 ஏப்ரல் 8-ல் மறுபடி திறந்ததால் அந்தப் பக்கம் 37 கிலோமீட்டர் ரயிலிலும் போகலாம்). பக்கத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, படகு சவாரி. மேற்கே போனால் தஞ்சாவூர் பெரிய கோயில், பூண்டி மாதா, கல்லணை. கொஞ்சம் காசு சேர்ந்தால் ராத்திரியே கிளம்பி ஒகேனக்கல், பரிசல், மீன் வறுவல். ஒரு வேனில் பதினெட்டுப் பேர். எவர்சில்வர் தூக்கில் தயிர் சாதம், பேப்பரில் மடித்த உருளைக்கிழங்கு வறுவல், முன் சீட்டில் பெரியவர், பின் சீட்டில் வாந்தி எடுக்கிற சின்னப்பிள்ளை. தண்ணீரைப் பார்த்ததும் பிள்ளைகள் சும்மா இருக்குமா? "டேய், முட்டிக்கு மேல போவாத" என்று சித்தி கரையிலிருந்து கத்துவார். அந்தக் குடும்பத்தின் மொத்தப் பாதுகாப்பு ஏற்பாடும் சித்தியின் தொண்டைதான்!

இப்போது கரையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் கண்ணில் படுவது குல்பி ஐஸ் வண்டி, மீன் கடை, பலூன் சுடுகிற பலகை, பார்க்கிங் டோக்கன் பையன். அப்புறம் எச்சரிக்கைப் பலகை. "இங்கு குளிக்கத் தடை. மீறுவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்." சில இடங்களில் இதுவரை இத்தனை பேர் இறந்துள்ளனர் என்று எண்ணிக்கையையும் எழுதி வைக்கிறார்கள். அந்த எண்ணைத் திருத்தப் பெயின்ட் வாங்கினவர்களுக்கு, ஒரு கயிறு வாங்கத் தோன்றவில்லை.

அந்தப் பலகை எதைச் சொல்வதில்லை என்பதுதான் முக்கியம். எங்கே பள்ளம், எங்கே மேடு, எது வரைக்கும் போகலாம், இன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு திறந்திருக்கிறார்கள்... ஒன்றும் இருக்காது. தடை என்று எழுதியாயிற்று, நிர்வாகத்தின் மேல் இனி கேஸ் வராது. அது பொதுமக்களுக்கான பலகையே இல்லை, அதிகாரிகளுக்கான குடை.

தடை போட்டால் நிற்குமா? லெமூரில் அன்றைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது, கடற்கரையும் மூடியிருந்தது. ஐதராபாத்தில் இருக்கிற இந்தியக் கடல்சார் தகவல் மையம் கணக்குப் போட்டு, எச்சரிக்கையும் விட்டுவிட்டது. அந்த எச்சரிக்கை மணலில் நின்ற ஐந்து பேரின் கையைப் பிடித்து நிறுத்தவில்லை, ஏனென்றால் அந்தக் கடைசி நூறு மீட்டருக்கு ஆளே கிடையாது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்திரைக்காரர்களும் அதில் உண்டு. அதற்குப் பிறகு கோடிக்கணக்கில் செலவழித்து 2007-ல் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. நல்லது, வரவேண்டியதுதான். எப்போதோ ஒரு முறை வரும் அலைக்கு ஏற்பாடு உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் வரும் அலைக்கு?

ஆபத்தை உணர்வது என்கிறார்களே, அது அப்படிப் பார்த்ததும் தெரிகிற சமாச்சாரமா என்றும் கேட்க வேண்டும். கடலில் அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போகவேண்டும். அது ஏதாவது ஒரு குறுகிய இடம் வழியாக வேகமாகக் கடலுக்குள் திரும்புகிறது. அந்த இடத்தில் அலை அவ்வளவாக உடையாது, நுரை இருக்காது. பார்க்க மற்ற இடங்களைவிட அமைதியாக இருக்கும். கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மா எந்த இடம் பார்த்து இறங்குவார்? அமைதியான இடம்தான். பொறுப்பாக நடந்துகொண்டதாலேயே மாட்டிக்கொள்கிற இடம் அது. இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும், முடியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்கவேண்டும். இந்த விஷயம் வேளாங்கண்ணி, ஆற்காட்டுத்துறை மீனவர் வீட்டுப் பத்து வயதுப் பையனுக்குத் தெரியும். பதினெட்டுப் பேர் வந்த வேனில் ஒருவருக்கும் தெரியாது. பலகையிலும் இல்லை.

ஆறும் அப்படித்தான். ஷட்டருக்குக் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து மணலைத் தோண்டிப் பள்ளம் பண்ணியிருக்கும். தண்ணீர் சுத்தமாகத் தெளிந்து நிற்பதும் அங்கேதான், ஜனங்கள் குளிக்க இறங்குவதும் அங்கேதான். கொள்ளிடத்திலும் காவிரியிலும் மணல் அள்ளின குழிகள் வேறு. அளவுக்கு மேல் மணல் போகிறது என்ற புகாரில் 2023 செப்டம்பரில் அமலாக்கத் துறை வந்து குவாரி குவாரியாகச் சோதனை போட்டது. மணல் போன பணத்தின் கணக்கைத் தேடினார்கள். மணல் போன இடத்தில் என்ன ஆழம் என்ற கணக்கை எந்தத் துறை தேடும்? முழங்கால் தண்ணீரில் நடந்து போகிறவனுக்கு அடுத்த அடியில் மூன்று ஆள் ஆழம் என்றால், அதை உணர்வதற்கு அவனுக்கு எந்த உறுப்பு இருக்கிறது?

இத்தனைக்கும் தண்ணீர் அளவு தெரியாமல் இல்லை. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் எவ்வளவு கன அடி வருகிறது என்று மத்திய நீர்வளத் துறை அளக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்துகிறார்கள், குளிக்கத் தடை போடுகிறார்கள், குறைந்ததும் திறந்துவிடுகிறார்கள். ஒகேனக்கல்லில் குறை இல்லை என்றில்லை. ஆனால் இன்றைக்கு இறங்கலாமா கூடாதா என்று முடிவெடுக்க அங்கே யாரோ ஒருவர் இருக்கிறார். மூடுவது போலத் திறக்கவும் செய்கிறார்கள், அதனால்தான் மூடும்போது ஜனங்கள் கொஞ்சமாவது கேட்கிறார்கள். அதே ஆறு பூண்டிக்கும் மாயனூருக்கும் வரும்போது அந்த "யாரோ ஒருவர்" எங்கே போய்விடுகிறார்?

காசு இல்லை என்பார்கள். சரி, வணிகவியல் முதலாண்டு மாணவன்கூடப் போடக்கூடிய ஒரு கணக்கு. ஒரு இடத்துக்கு நான்கு ஆள், மாதம் 20,000 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 9 லட்சத்து 60 ஆயிரம். வேளாங்கண்ணி, பூம்புகார், கோடியக்கரை, பூண்டி, கல்லணை என்று ஐந்து இடம் போட்டாலும் 48 லட்சம். மிதவை, கயிறு, விசில் எல்லாம் சேர்த்தாலும் 55 லட்சத்தைத் தாண்டாது. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் முதலமைச்சர் பொது நிவாரண நிதியிலிருந்து லட்சங்கள் அறிவிக்கிறார்களே, அது எந்தத் தலைப்பில் வருகிறது? செத்த பிறகு கொடுத்தால் அது கருணை, பேப்பரில் போட்டோ வரும். சாவதற்கு முன்னால் செலவழித்தால் அது ஊதியச் செலவு, ஆடிட்டில் கேள்வி வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆளுக்கும் பஞ்சமில்லை. மீன்பிடித் தடைக்காலம் இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகில் போகிற மீனவர்கள் வேலை இல்லாமல் கரையில் இருக்கிற நாட்களும், டூர் வேன்கள் கரைக்கு வந்து குவிகிற நாட்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! கடல் தெரிந்தவனுக்கு வேலை வேண்டும், கடல் தெரியாதவனுக்கு ஆள் வேண்டும். இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு கலெக்டர் ஆபீஸ் ஃபைல் போதும். கோவா 2008-லிருந்து கடற்கரைக்குக் கடற்கரை உயிர்காப்பாளர்களை நிறுத்தி, கொடி நட்டு, இங்கே குளி, அங்கே குளிக்காதே என்று காட்டுகிறது. அந்தக் கடலும் இதே உப்புத் தண்ணீர்தான்.

நீச்சல் விஷயத்துக்கு வேறு டெல்டாவைப் பார்க்கலாம். வங்கதேசம். நம்மைவிடப் பணக்கார நாடு இல்லை. அங்கே கிராமத்துக் குளத்திலேயே மூங்கிலில் ஒரு மேடை கட்டி, தடுப்பு அடைத்து, உள்ளூர் ஆளையே பயிற்சியாளராக்கி, சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். இலக்கு ஒலிம்பிக் இல்லை. 25 மீட்டர் நீந்தவேண்டும், 30 விநாடி மிதக்கவேண்டும், அவ்வளவுதான். பழகின பிள்ளைகள் மூழ்கிச் சாவது பெருமளவு குறைந்தது, உலக சுகாதார நிறுவனமும் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. நெதர்லாந்திலோ முதல் நீச்சல் சான்றிதழுக்கே உடுப்போடு நீந்திக் காட்டவேண்டும். வாய்க்காலில் விழுகிறவன் நீச்சல் உடை போட்டுக்கொண்டா விழுவான்? சுடிதாரும் புடவையுமாகத் தண்ணீரில் இறங்குகிற நம் பெண்களுக்குத்தான் அந்தப் பயிற்சி முதலில் வேண்டும். நனைந்த துப்பட்டா காலைச் சுற்றினால் என்ன ஆகும் என்று கரையில் நின்று தெரிந்துகொள்ள முடியாது.

மூங்கிலுக்கா குளத்துக்கா இங்கே பஞ்சம்? திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று பெருமை பேசுகிறோம். மன்னார்குடி ஹரித்ராநதியைத் தெப்பக்குளம் என்றால் கோபித்துக்கொள்வார்கள், நதி என்றுதான் சொல்லவேண்டும், அவ்வளவு பெரிசு. தெப்பத்துக்குத் தண்ணீர் பிடித்து வைக்கத் தெரிந்த ஊர்கள், ஒரு மூலையில் நாற்பதடிக்கு நாற்பதடி அடைத்து மே மாதம் முழுக்க இடுப்பளவு தண்ணீர் வைத்திருக்க முடியாதா? கோயில் குளம் கூடாதென்றால் ஊராட்சிக் குளம். நூறு நாள் வேலையில் எத்தனையோ குளம் வெட்டியாயிற்று. ஒன்றிலாவது பிள்ளைகள் பழகுவதற்கென்று ஒரு சரிவு, ஒரு படி, ஒரு தடுப்பு வைத்து வெட்டினோமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதற்கு அரசாங்கம் தேவையில்லை. செய்திகளில் எண்ணிக்கை மூன்று, நான்கு, ஏழு என்று வருகிறதே, எல்லோரும் ஒரே சமயத்திலா தவறி விழுகிறார்கள்? பெரும்பாலும் முதலில் முங்குவது ஒருவர். அவரைப் பிடிக்க அக்கா இறங்குவாள், அக்காவைப் பிடிக்க அம்மா. "ஒரே குடும்பத்தைச் சேர்ந்த" என்று தலைப்பு வருவது இப்படித்தான். பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நீச்சல் தெரியாதவர் இறங்காமல் எறிந்தால் ஒருவராவது பிழைப்பார். எறிவதற்கு வேனிலேயே சாமான் இருக்கிறது. மூடி போட்ட காலித் தண்ணீர் கேன், பிளாஸ்டிக் குடம், ஸ்டெப்னி டியூப், முடிச்சுப் போட்ட இரண்டு வேட்டி. படகில் ஏறும்போது லைஃப் ஜாக்கெட் கொடு என்று சண்டை போட்டு வாங்கவேண்டும், இல்லையென்றால் இறங்கிவிடவேண்டும். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30-ல் 45 பேர், தானூரில் 2023 மே 7-ல் 22 பேர் படகு கவிழ்ந்து போனதெல்லாம் இதே மாதிரி குடும்பங்கள்தான். தூக்கி வந்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் கூடாது. மல்லாக்கப் படுக்கவைத்து, உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கவேண்டும், நெஞ்சை அழுத்தவேண்டும், 108-க்கு ஒருவர் போன் போடவேண்டும். முதல் சில நிமிடம்தான் உயிர். தஞ்சாவூர் மெடிக்கலுக்குப் போகிற வழியில் அது போய்விடும்.

அடுத்த மே மாதமும் வேன்கள் கிளம்பத்தான் போகின்றன. யார் தடுத்தாலும் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கத்தான் போகிறார்கள். அன்றைக்கு ஸ்பாட்டுக்குப் போகிற நிருபருக்கு ஒரு வேண்டுகோள். அந்த அச்சுக் கோத்த வாக்கியத்தை எழுதுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள். அன்று காலை எத்தனை கன அடி திறந்திருந்தார்கள்? அதைக் கரையில் இருந்தவர்களுக்கு யார் சொன்னது? அந்த இடத்தில் பார்க்கிங் குத்தகை எவ்வளவுக்குப் போனது? கயிறு எங்கே இருந்தது?